பள்ளிவாசல் மெசினைக் கிலோக் கணக்கில் விற்காதீர்கள்!



பள்ளிவாசல் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே பல வருடமாக நிற்கும் உழவு மெசினைப் பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுக்கப் போவதாக ஊரில் கதை அடிபடுகிறது. இதை எழுதும் நாம் இந்த ஊரில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலர். எந்த மரைக்காரோடும் எமக்குப் பகை இல்லை. ஆனால் இந்த விடயத்தில் வாய்மூடி இருக்கவும் முடியவில்லை.

முதலில், அது யாருடைய மெசின்? போகத்துக்குப் போகம் ஊரார் களவெட்டியில் அளந்து கொடுத்த நெல்லில் வாங்கிய மெசி பெர்குசன் 135. எருமை கட்டிச் சூடு மிதித்த காலம் முடிந்தபின், பரப்பிய கதிர்மேல் சுற்றிச் சுற்றி ஓடிச் சூடடித்தது அதுதான். உழவுக்கூலி கொடுக்க வழியில்லாத விதவைகளின் காணியைச் சும்மா உழுது கொடுத்ததும் அதுதான். மூத்த காக்காமாரிடம் கேட்டுப் பாருங்கள். எமது பள்ளிவாசல் 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் பதிவான பள்ளிவாசல். நம்பிக்கையாளர் சபை காவலாளியே தவிர சொந்தக்காரர் அல்ல.

"ஒன்றரைத் தொன் இரும்பு, வேறென்ன?" என்கிறார்கள். வாங்க வருபவர் இரும்புக்காகவா வருகிறார்? அதில் இருப்பது மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சின். சென்னையின் டாஃபே கம்பனி மெசி பெர்குசன் வகைகளை இன்றும் செய்வதால் பல பாகங்கள் கடையில் கிடைக்கின்றன. கியர்பொக்ஸ் தனி விலை, ஹைட்ரோலிக் தனி விலை. எல்லாவற்றையும் விட ஸ்ரீ இலக்கத்தோடு இருக்கும் அந்தப் 'புக்'. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். தராசில் இரும்பை நிறுப்பவர் புக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். நாளைக்கு அதே இலக்கத்தை வேறொரு மெசினில் பூட்டி, இரவில் கள்ள மண் ஏற்றிப் பிடிபட்டால் பொலிஸ் யார் வாசலுக்கு வரும்? புக்கில் இருப்பது பள்ளிவாசலின் பெயர்!

"கிடந்தால் கிடக்கட்டும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டரி போனது, டைனமோ போனது, முன் லைட் இரண்டும் போனது. சும்மா விடுவதும் விற்பனைதான், காசு வராத விற்பனை. மாரி வந்தால் டயருக்குள் தண்ணீர் தேங்குகிறது. பக்கத்தில் குர்ஆன் மத்ரஸா. டெங்குக்கு வேறு இடம் தேவையா?

பெயின்ட் அடித்துச் சந்தியில் நிறுத்தலாம் என்கிறார்கள் இளைஞர்கள் சிலர். நெல் அளந்து கொடுத்தவர்கள் வட்டை உழக் கொடுத்தார்கள், செல்ஃபி எடுக்க அல்ல.

அவசரமாகத் தட்டிக்கொட்டி ஓட வைத்தால் வெள்ளத்துக்கு உதவும் என்பவர்களே, 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிய மெசின் வெள்ளத்தில் அள்ளுண்டதை மறந்துவிட்டீர்களா? பிரேக் பிடிக்குமா என்றே தெரியாத மெசினில் ஆள் ஏற்றும் பேச்சே வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? எமது கோரிக்கை இதுதான்:

1. நிர்வாகத்தில் எவருக்கும் சொந்தமில்லாத இரண்டு மெக்கானிக்மார் எஞ்சினைத் திறந்து பார்த்து, திருத்தும் செலவை எழுத்தில் தரட்டும். செலவு பெறுமதிக்குள் அடங்கினால் முறையாகத் திருத்தி வட்டைக்கு அனுப்புவோம். வரும் கூலி பள்ளிக் கணக்கில் சேரட்டும்.

2. அடங்காவிட்டால், பயனற்றுப்போன வக்பை விற்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், ஆலிம்களிடம் எழுத்தில் தீர்ப்புக் கேட்க வேண்டும்.

3. விற்பதென்றால் பகிரங்க ஏலம். இரண்டு ஜும்ஆக்களில் அறிவித்தல். நிர்வாகிகளும் அவர்களின் உறவினரும் ஏலம் கேட்கக் கூடாது.

4. பெயர் மாற்றம் முடியும் வரை மெசின் வளவைத் தாண்டக் கூடாது. உடைக்கத்தான் விற்பதென்றால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவை ரத்துச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

5. வரும் பணம் மினாராவுக்கு மாபிள் பதிக்க அல்ல. ஏழை விவசாயிகள் எடுத்துப் பாவிக்க ஒரு கை உழவு மெசினோ, தண்ணீர் பம்போ வாங்க வேண்டும். கணக்கு அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

"ஒரு ஓட்டை மெசினுக்கு இவ்வளவு சட்டமா?" என்று சிலர் சிரிப்பார்கள். பள்ளிவாசலின் வயற்காணியும் கடை வாடகையும் இதே கைகளில்தான் இருக்கின்றன. ஓட்டை மெசினுக்குக் கணக்குக் காட்டத் தெரியாதவர்கள் அவற்றுக்கு எப்படிக் காட்டப் போகிறார்கள்? அமானிதம் என்று வகுப்பில் நாம் படிப்பிக்கிறோம். அதைக் கேட்ட பிள்ளைகள் தினமும் அந்த வேப்பமரத்தைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எழும்பிப் போய்விடாதீர்கள். கடைத் திண்ணையில் கதைப்பதைப் பள்ளிக்குள் நிர்வாகத்தின் முகத்துக்கு நேரே கதைப்போம், மரியாதையாக.

வஸ்ஸலாம்.