துணைவேந்தரும் பூசணிக்காயும்

பெங்களூர் பசவனகுடியில் புதன்கிழமை மாலை என்றால் நேஷனல் கல்லூரியில் அறிவியல் சொற்பொழிவு. பெங்களூர் சயன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு 1962-ல் தொடங்கியதிலிருந்து போற்றிவரும் வழக்கம் இது. கட்டணம் கிடையாது. அந்தந்தத் துறையில் உழைப்பவரே வந்து பேசுவார். பேசி முடித்ததும் சபையின் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜூலையில் அறிவியல் விழா வேறு. சங்கங்கள் திறப்பு விழாவோடு ஓய்ந்துபோகும் நாட்டில் இது சின்னக் காரியமல்ல.

இதற்கு ஆணிவேர் எச். நரசிம்மையா (1920-2005). கௌரிபிதனூர் பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய பின்னும் கதர் வேட்டி, குல்லாய், கல்லூரி விடுதியில் ஓர் அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பகுத்தறிவுவாதி என்றால் கலைக்கு விரோதி என்று ஓர் எண்ணம் உண்டல்லவா? இவரோ இசைக்கும் நடனத்துக்கும் மேடை தர பெங்களூர் லலிதகலா பரிஷத்தையும் தொடங்கினார்.

பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த இந்தக் காந்தியவாதி, 1976-ல் அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தபோது புயல் கிளம்பியது. குழுவின் முன்னால், அதன் நிபந்தனைப்படி அற்புதம் செய்துகாட்டுமாறு புட்டபர்த்தி சத்ய சாய் பாபாவுக்கு 3 கடிதங்கள் போயின. பதில் இல்லை. மோதிரம் கைக்குள் அடங்கிவிடும்; ஒரு பூசணிக்காயை வரவழைக்கட்டுமே என்றார் நரசிம்மையா. பக்தர்கள் கொதித்தார்கள். துணைவேந்தருக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்தறியும் ஆர்வம் இவற்றை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 42-வது திருத்தம் எழுதிவைத்ததும் அதே 1976-ல்தான். அது நெருக்கடி நிலைக் காலம். அரசைக் கேள்வி கேட்ட பலர் அப்போது சிறையில் இருந்தார்கள்.

சொற்பொழிவுக்கு ஓர் எல்லை உண்டு. யார் சந்தேகப்பட வேண்டுமோ அவர் பெரும்பாலும் அரங்குக்கு வருவதில்லை. அதே 1962-ல் கோழிக்கோட்டில் பிறந்த கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. 1980-ல் கலா ஜாதா என்ற பெயரில் பாட்டும் நாடகமுமாக அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுபோனது. கூட்டம் தானாகச் சேர்ந்தது.

அரங்கோ தெருவோ, கேட்பதற்கான விலை ஏறிவிட்டது. புனேயில் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2015 ஆகஸ்ட் 30 அன்று தார்வாடில், வீடு தேடி வந்தவர்களின் குண்டுக்குப் பலியானார் வசன இலக்கிய அறிஞர் எம்.எம். கல்புர்கி. அவரும் துணைவேந்தராக இருந்தவர், ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தில். நரசிம்மையாவுக்குக் கிடைத்தது வசையோடு நின்றது.

தபோல்கர் பல ஆண்டுகள் போராடிக் கேட்ட சட்டத்தை, அவர் கொலையான சில நாட்களிலேயே அவசரச் சட்டமாக்கியது மகாராஷ்டிர அரசு. கர்நாடகம் அத்தனை அவசரப்படவில்லை. 2017-ல் நிறைவேறிய அதன் சட்டம் 2020-ல்தான் நடைமுறைக்கு வந்தது.