ராக்கெட் தோல்வி கற்றுத் தரும் பாடம் எண்ணூருக்கு எட்டுமா?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாட்களில், எண்ணூர், திருவொற்றியூர் கடற்கரையில் நம் பிள்ளைகள் வடக்கு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். பழவேற்காடு மீனவர்களுக்கோ அன்று கடலுக்குப் போகத் தடை.

2022 ஆகஸ்ட் 7 காலை 9.18 மணிக்கு, இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. முதன்முறையாகக் கிளம்பியது. 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. அதில் இரண்டு செயற்கைக்கோள்கள் இருந்தன. ஒன்று, நாடெங்கும் உள்ள 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட். 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த நீள்வட்டப் பாதையில் அவை விடப்பட்டன. அந்த உயரத்தில் காற்றின் உராய்வைத் தாங்க முடியாது. இரண்டும் வீணாயின.

என்ன நடந்தது? இரண்டாம் அடுக்கு பிரியும்போது, சிறிது நேரம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அதிர்வு ஏற்பட்டது. வேகமாற்றத்தை அளக்கும் ஆறு கருவிகளும் பழுது என்று கணினி முடிவு செய்தது. கருவிகள் நன்றாகத்தான் இருந்தன. தவறு, அவற்றைச் சோதிக்கும் கணக்கில்! ராக்கெட் அவசரகால வழிக்கு மாறியது. தேவையான வேகம் கிடைக்கவில்லை.

இஸ்ரோ இதை மூடி மறைக்கவில்லை. அன்றே தோல்வியை அறிவித்தது. காரணத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அடுக்குப் பிரியும் அமைப்பையும் கணினியின் சோதனை முறையையும் மாற்றியது. 2023 பிப்ரவரி 10 அன்று அதே ராக்கெட் வென்றது. மாணவிகளின் ஆசாதிசாட்-2 விண்ணை எட்டியது.

இது புதிய பழக்கமல்ல. 1979 ஆகஸ்ட் 10 அன்று, நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. வால்வு ஒன்றில் ஏற்பட்ட அமிலக் கசிவே காரணம் என்று கண்டறிந்தார்கள். செய்தியாளர்கள் முன் பொறுப்பேற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்ததும், பேசும் வாய்ப்பைக் கலாமுக்குக் கொடுத்தார்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. மூச்சுத்திணறலோடு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. மிக்ஜாம் புயலில் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது வல்லுநர் குழு. 5.92 கோடி ரூபாய் இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது.

புயல் காரணம் என்றால், அடுத்த புயலுக்கு முன் என்ன மாறியிருக்க வேண்டும்? குழாய் எப்படிக் கண்காணிக்கப்படுகிறது? நள்ளிரவில் அபாயச் சங்கு ஒலிக்குமா? மக்கள் எந்தத் திசையில் ஓட வேண்டும்? இவற்றைத் தெருவில் இருப்பவரிடம் எளிய தமிழில் சொல்லாதவரை விசாரணை முடிந்ததாக ஆகாது. ராக்கெட்டில் மனிதர் எவரும் இல்லை. எண்ணூரிலோ குழந்தைகள் உறங்குகிறார்கள்.

செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவு பெறுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. விசாரணை என்பது குறை கூறுவதல்ல, அமானிதத்தைக் காப்பது. நம் ஜமாஅத்துகளும், மீனவர் கிராமங்களும், குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும். கேட்போமா?