புட்டியில் அடைபட்ட போர் வீரன்!

மணிமங்கலம் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு ஒரு யுத்தம் ஞாபகத்துக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியை நோக்கிப் படையெடுத்து வந்தான் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. அவனைப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் எதிர்த்து முறியடித்த களங்களில் மணிமங்கலமும் ஒன்று. கூரம் செப்பேடு அந்த வெற்றியைச் சொல்கிறது.

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு இப்போது இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வேறொரு போர் வீரன் வந்து சேர்ந்திருக்கிறான். யானை இல்லை, குதிரை இல்லை. பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் தண்ணீரும் கொஞ்சம் காற்றும் கட்டி, கையில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார்கள். உயரம் இரண்டு அங்குலம். நீலம், சிவப்பு, வெள்ளை என்று பட்டாடை போல் விரியும் வாலும் துடுப்பும். பெயர் பைட்டர் மீன். தமிழில் சொன்னால் சண்டை மீன்.

இந்தச் சிறு மீனைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரு வியாபாரம், அதை வளர்க்க அரசாங்கம் கொடுக்கும் பணம், வந்த வேகத்தில் திரும்பிப்போன ஒரு சட்டம், நம் ஊர் ஏரியின் கதி ஆகிய நான்கும் இந்த மீனில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

தனி அறையில் ஒரு துணை

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் மாறிய கதை எல்லோருக்கும் தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. அவற்றுக்கு முன்னும் பின்னும் உதிரி பாகத் தொழிற்சாலைகளும், மின்னணுத் தொழிற்சாலைகளும் வரிசை கட்டி நின்றன. வயல்களுக்கு நடுவே வாடகை அறைகள் முளைத்தன. தெற்கு ஜில்லாக்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஓர் அறைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று தங்கினார்கள். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு.

இப்படிப்பட்ட அறையில் நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பூனைக்கும் இடமில்லை. ஆனால் ஜன்னல் மேடையில் ஒரு கண்ணாடிப் புட்டி வைக்க யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. நூறு ரூபாய்க்கும் குறைவாகவே ஒரு மீன் கிடைக்கிறது. மோட்டார் வேண்டாம், காற்றுக் குழாய் வேண்டாம், இடம் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். வேலை முடிந்து திரும்புகிறவனைக் கண்டதும் அது கண்ணாடியருகே ஓடிவந்து வாலை விரிக்கிறது. ஊரையும் உறவையும் விட்டு வந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். ஆகவே வாங்குகிறவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவரிடம் சொல்லப்பட்ட சங்கதிதான் பாதி உண்மை.

காற்றைக் குடிக்கும் மீன்

அந்தப் பாதி உண்மை என்ன?

பைட்டர் மீன் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. தலைக்குள் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை வாங்கி, அந்த உறுப்பின் மூலம் பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் இதே உறுப்பு உண்டு. 1791-ல் தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பிடித்ததாக லண்டனுக்கு எழுதி ஐரோப்பிய விஞ்ஞானிகளை மலைக்க வைத்தாரே, அந்த மீன்தான்!

பிராணவாயு குறைந்த தண்ணீரிலும் பைட்டர் மீன் உடனே சாகாது என்பது வாஸ்தவம். ஆனால், “சாகாது” என்பது வேறு, “சுகமாக இருக்கும்” என்பது வேறு. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் புட்டி வியாபாரம் நடக்கிறது.

இந்த மீனின் தாய்நாடு தாய்லாந்து. முன்பு சயாம் என்று சொன்னோம். அங்கே நெல் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்வது. 1910-ல் ரீகன் என்ற விஞ்ஞானி அதற்கு “பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்” என்று பெயர் வைத்தார். 2019-ல் தாய்லாந்து அரசாங்கம் அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நெல் வயலில் தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று சொல்வார்கள். ஆழம் கணுக்கால் அளவுதான். அகலம் எத்தனை ஏக்கர்? ஆழம் குறைந்த இடத்தில் பிறந்த மீனை, இடமே வேண்டாத மீன் என்று நினைத்துவிட்டோம்.

புட்டிக்குள் நடப்பது என்ன?

மீன் தின்கிறது, கழிவை வெளியிடுகிறது. அதன் செவுள் வழியாக அம்மோனியா என்ற நஞ்சு எந்நேரமும் தண்ணீரில் கலந்துகொண்டிருக்கிறது. ஏரியில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மண்ணிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை நீர்ச்செடிகள் உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தச் செடிகளிடையே பூச்சி வளர்கிறது. பூச்சியை மீன் தின்கிறது.

ஒரு லிட்டர் புட்டியில் மண் இல்லை, செடி இல்லை. நுண்ணுயிர் தங்க இடமும் இல்லை. இரண்டு நாளில் தண்ணீர் கெடுகிறது. தகரக் கூரை போட்ட அறையில் சித்திரை வெயில் அடித்தால் அந்த ஒரு லிட்டர் தண்ணீர் சீக்கிரமே சூடேறிவிடுகிறது. சூடு ஏற ஏற அம்மோனியாவின் விஷம் கூடும். காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் இன்னும் கூடும். நல்லபடியாக வளர்த்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் இருக்கக்கூடிய மீன், மூன்று மாதத்தில் வால் கிழிந்து, வயிறு ஊதி, ஒரு நாள் காலையில் மிதக்கிறது. “பைட்டர் மீன் அவ்வளவுதான் இருக்கும்” என்று சொல்லி அடுத்த மீன் வாங்கப்படுகிறது.

வளர்ப்பவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆண் மீன்கள் பருவத்துக்கு வந்ததும் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஆகவே பண்ணையில் ஒவ்வொன்றையும் தனித்தனிப் புட்டியில் போட்டே ஆகவேண்டும். அங்கே அடிக்கடி தண்ணீர் மாற்ற ஆள் உண்டு. புட்டி என்பது மீன் விலை போகும் வரை தங்கும் சத்திரம். சத்திரத்தையே வீடு என்று சொல்லி விற்பதுதான் தவறு.

வந்து போன சட்டம்

இதை ஒழுங்குபடுத்த 2017 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மீன் தொட்டிக் கடைகளுக்கென்று விதிகளை வெளியிட்டது. கடைகள் பதிவு செய்யப்பட வேண்டும். தொட்டியின் அளவும் தண்ணீரின் தரமும் இப்படி இப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. அதோடு 158 வகை உயிரினங்களைப் பட்டியல் போட்டு அவற்றின் விற்பனைக்கும் தடை போட்டது. வியாபாரிகளும் மீன் வளர்ப்போரும் கொதித்தெழுந்தார்கள். சென்னை கொளத்தூரிலும், புழல், பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் வண்ண மீன் குஞ்சுகளை வளர்த்துப் பிழைக்கின்றன. அவர்கள் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

நீண்ட பட்டியலோடு சேர்ந்து நல்ல அம்சங்களும் போய்விட்டன. குளிக்கும் தொட்டித் தண்ணீரோடு குழந்தையையும் கொட்டிய கதைதான்!

மறு பக்கத்தில் ஊக்கம் தடையின்றி நடந்தது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் வண்ண மீன் வளர்க்க ஓர் அலகுக்கு 3 லட்ச ரூபாய் என்று மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் 60 சதவீதமும் மானியம் வகுத்தார்கள். கொளத்தூர் வட்டாரத்தில் வண்ண மீன் வர்த்தகத்துக்கென்றே பெரிய மையம் எழுப்பும் பணியைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எடுத்துக்கொண்டது. இவை வரவேற்க வேண்டியவையே. ஆனால் மீனை உற்பத்தி செய்யவும் விற்கவும் பணம் ஒதுக்கிய அரசாங்கம், விற்ற பிறகு அந்த மீன் எங்கே, எப்படி வாழ்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி விதியும் வைக்கவில்லை. இத்தாலியில் ரோம் நகரசபை 2005-லேயே உருண்டைக் குடுவையில் மீன் வளர்க்கக் கூடாது என்று விதி செய்தது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கொஞ்ச தூரமாவது போகலாம்.

ஏரியில் விட்டால் என்ன?

இங்கேதான் விஷயம் அறையை விட்டு வெளியே வருகிறது. வேலை மாறும், அறை காலியாகும். புட்டியில் மீன் உயிரோடு இருக்கும். கொல்ல மனம் வராது. “ஏரியில் விட்டுவிடுவோம், பிழைத்துப் போகட்டும்” என்று தோன்றும். கொசுப் புழுவைத் தின்னுமே, புண்ணியமும் ஆச்சு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தப் புண்ணியத்தின் பலனை நாடு ஏற்கனவே பார்த்திருக்கிறது. கொசுவை ஒழிக்க 1908-ல் கப்பி மீனையும், 1928-ல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கம்பூசியா கொசுப் புழுவோடு நிற்கவில்லை. உள்ளூர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. இன்று உலகின் மோசமான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்பட்ட தென் அமெரிக்க சக்கர் மீனைக் கேட்கவே வேண்டாம். கேரளத்திலும் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

மணிமங்கலத்தில் இது சாதாரண விஷயமல்ல. இந்த ஏரியின் உபரி நீர் அடையாற்றில் போய்ச் சேருகிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது மேலே இருந்த ஏரிகளின் தண்ணீர் எங்கெங்கே பாய்ந்தது என்பதை முடிச்சூர் ஜனங்களைக் கேட்டால் சொல்வார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தப்பவில்லை. ஏரியில் விட்ட மீன் ஏரியோடு நிற்காது.

இதில் யோசிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பைட்டர் மீனுக்கு நம் மண்ணிலேயே ஒரு தாயாதி இருக்கிறது. இரண்டரை அங்குல மீன்; பழுப்பு நிறம்; கூரிய வால். வயல் வாய்க்காலிலும் ஏரி ஓரத்துப் புல்லிலும் வாழ்வது. அதுவும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை வாங்குகிறது. அதுவும் நுரைக் குமிழ்களால் கூடு கட்டுகிறது. அங்கேயும் ஆண் மீன்தான் முட்டைகளுக்குக் காவல். கொசுப் புழுவை விரும்பித் தின்னும். புதுச்சேரி அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததால், 1831-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் அந்தக் “குப்பத்தை” வைத்தே அதற்குக் “குபானஸ்” என்று பெயர் சூட்டினார்கள். உலக விஞ்ஞானத்தில் தமிழ் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் மீன்! வயல்கள் மனைகளானதும், வாய்க்கால்களில் சாக்கடை கலந்ததும் அதன் வீட்டையும் சுருக்கிவிட்டன. அதன் மிச்ச வீட்டுக்குள் அந்நிய மீனைக் கொண்டுபோய் விடுவது தர்மமாகாது.

செய்ய வேண்டியது

வளர்க்க ஆசைப்படுகிறவர் புட்டியை விட்டுத் தொட்டிக்குப் போகவேண்டும். அதற்குப் பெரிய செலவும் இடமும் தேவையில்லை. ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம், முக்கால் அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் ஏறக்குறைய இருபது லிட்டர் கொள்ளும். அடியில் இரண்டு அங்குலம் கழுவிய மணல். அதில் பள்ளிக்கூடத்தில் படித்த ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா. அல்லது குளம் வற்றினாலும் அதை விட்டுப் போகாது என்று ஔவையார் உறவுக்கு உவமை சொன்ன கொட்டிச் செடி. ஏரியிலிருந்து எடுத்தால் நன்றாக அலசி, சில நாள் தனியே வைத்துப் போடவேண்டும். மெல்லக் குமிழி விடும் ஒரு ஸ்பாஞ்சு பில்டர் இருந்தால் நல்லது. பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றவேண்டும்.

முக்கியமானது பொறுமை. தொட்டி வாங்கிய அன்றே மீனை விடக்கூடாது. நுண்ணுயிர்கள் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பிறகு ஒரு தொட்டிக்கு ஒரு ஆண் மீன். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். மேலே இரண்டு அங்குலம் காற்றுக்கு இடம் விட்டு மூடி போடவேண்டும். இது துள்ளிக் குதிக்கும் மீன். தாய்லாந்தும் நம் சீமை போல வெப்ப நாடுதான். ஆகவே ஹீட்டர் அவசியமில்லை. நேர் வெயில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் அவசியம்.

அரசாங்கம் செய்யவேண்டியது மூன்று. முதலாவது, ஒவ்வொரு வகை மீனுக்கும் குறைந்தபட்சத் தொட்டி அளவைத் தமிழில் அச்சிட்டு, விற்கும்போது கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு சிறு விதி. இரண்டாவது, வேண்டாத மீனைக் கடைகளே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. 2022-ல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பரவிக் கெடுக்கும் அந்நிய உயிரினங்களின் வியாபாரத்தை ஒழுங்குபடுத்த மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தி சக்கர் மீன் போன்றவற்றைத் தனியே பிரித்தால் போதும். 158 பெயர்ப் பட்டியல் வேண்டாம். மூன்றாவது, மானியம் வாங்கும் பண்ணைகளில் ஒரு பங்கு நாட்டு மீன்களுக்கு. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அரியாங்குப்பத்து மீனைத் தொட்டி மீனாக்கிக் காட்டும் வேலை அங்கே நடக்கலாம்.

இவற்றில் எதுவும் வியாபாரிக்கு நஷ்டமல்ல. புட்டியும் மீனும் வாங்குகிறவர் தொட்டியும் மணலும் செடியும் பில்டரும் வாங்கினால் கடைக்கு லாபமே. மூன்று மாதத்தில் மீன் செத்து மனம் வெறுத்துப் போகிறவர் மறுபடி கடைப் பக்கம் வரமாட்டார். மூன்று வருஷம் வளர்த்தவர் இன்னொரு தொட்டி கேட்டு வருவார்.

அரசாங்க விதி வரும்போது வரட்டும். அதுவரை கடை வாசலில் நிற்கும் ஒவ்வொருவரும், “என்ன விலை?” என்று கேட்பதற்கு முன்னால், “இதை எதில் வைத்து வளர்ப்பது?” என்று கேட்கலாம். “இந்தப் புட்டியே போதும்” என்று பதில் வந்தால், அன்றைக்கு மீனை வாங்காமல் தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். ஆறு வாரம் கழித்து, செடி வேர் பிடித்த பிறகு, மீனை அழைத்துவரப் போகலாம்.