ஆப்பிள் தோட்டமும் வெட்டி ஊழியமும்

கோடைதோறும் சிம்லாவுக்குச் செல்லும் ஜனங்களில் பலர் அங்கிருந்து வடக்கே சென்று சட்லெஜ் நதிப் பள்ளத்தாக்கையும் கண்டு களிக்கின்றனர். நார்கண்டாவின் தேவதாரு வனங்களைக் கடந்து தானேதார், கோட்கர் கிராமங்களை அடைந்தால் மலைச்சரிவெங்கும் ஆப்பிள் தோட்டங்கள். கீழே, வேதகாலத்தார் சுதுத்ரி என்று போற்றிய நதி. தூரத்தில் வெண்பனி மூடிய சிகரங்கள். சித்திரையில் பூத்து ஆவணியில் கனியும் அத்தோட்டங்களின் அழகு எவருடைய உள்ளத்தையும் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கண்ணுக்கு விருந்து கிடைத்ததும் திரும்பிவிடுகிறவர்கள் பாதி யாத்திரையே செய்தவர்களாவர் என்பது நமது அபிப்பிராயம். அந்த மலைப்பாதைக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1815-ல் கூர்க்கர்களை வென்ற ஆங்கிலேயர், கோட்கரைத் தங்கள் வசமே வைத்துக்கொண்டனர். 1850-ல், டல்ஹௌசி பிரபுவின் ஆட்சியில், ஹிந்துஸ்தான் - திபெத் சாலை வேலை தொடங்கிற்று. துரைமார்கள் வேட்டைக்கும் உல்லாசத்திற்கும் அவ்வழியே சென்றபோது அவர்களுடைய மூட்டை முடிச்சுகளைச் சுமந்தவர் யார்? உத்தரவு வந்ததும், அறுவடைக் காலமாயினும், வயலை விட்டு ஓடிவர வேண்டியிருந்த ஏழைக் குடியானவரே. கூலியின்றியோ சொற்பக் கூலிக்கோ வாங்கப்பட்ட இவ்வெட்டி ஊழியத்திற்குப் பேகார் என்று பெயர். ஒருவன் இயற்கைக் காட்சியை ரசிப்பதற்காக மற்றொருவனுடைய முதுகு வளைந்தது!

இக்கொடுமையை எதிர்த்தவர் ஓர் அமெரிக்கர். பிலடெல்பியாவில் செல்வக் குடும்பத்தில் பிறந்த சாமுவேல் ஸ்டோக்ஸ், குஷ்டரோகிகளுக்குத் தொண்டு செய்ய 1904-ல் இந்தியா வந்தார். பின்னர் கோட்கரில் குடியேறி, அப்பகுதிப் பெண்ணையே மணந்து, அம்மக்களில் ஒருவரானார். அவர் தூண்டுதலால் குடியானவர்கள் ஒன்றுபட்டுச் சுமை தூக்க மறுத்தனர். 1921-ல் சர்க்கார் பணிய நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரைச் சர்க்கார் கைது செய்தது. ஆறு மாதச் சிறைவாசம் கிடைத்தது. 1932-ல் ஹிந்து மதத்தைத் தழுவிச் சத்தியானந்தர் என்று பெயர் பூண்ட அவர், நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்பு, 1946-ல் காலமானார்.

குல்லுவில் ஆங்கிலேயர் முன்னமே ஆப்பிள் பயிரிட்டதுண்டு. ஆனால் ஜனங்கள் விரும்பும் இனிப்பான ரெட் டெலிஷஸ் இனத்தை அமெரிக்காவிலிருந்து தருவித்து, 1916 வாக்கில் கோட்கரில் நட்டவர் ஸ்டோக்ஸ். அயலாரும் அதைப் பயிரிடுமாறு ஊக்குவித்தார். பேகாரை ஒழித்ததும் ஆப்பிளை நட்டதும் இருவேறு காரியங்களல்ல. கட்டாயச் சுமையினின்று விடுபட்ட குடியானவனுக்குச் சொந்த நிலத்தில் நிற்க வலிமை வேண்டும். அவ்வலிமையை ஆப்பிள் மரம் அளித்தது. இன்று ஹிமாசலப் பிரதேசத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு அதிகமான நிலத்தில் ஆப்பிள் விளைகிறது.

நிற்க. அறுவடைக் காலத்தில் அச்சரிவுகளுக்குச் செல்வோர் இன்னொன்றையும் காணலாம். பழம் நிறைந்த பெட்டிகளைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு முதுகில் சுமந்து ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் நேபாளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். இவர்கள் கூலி பெறுகின்றனர். ஆகவே இதைப் பேகார் என்று நாம் கூற மாட்டோம். ஆனால் அக்கூலி உழைப்புக்கு ஏற்றதுதானா? குளிரில் ஒதுங்க அவர்களுக்கு நல்ல இருப்பிடம் உண்டா? நோயுற்றால் வைத்தியமும், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமும் உண்டா? பேகாரை ஒழித்தவர்களின் பேரப்பிள்ளைகளை இவ்வாறு கேட்க நமக்கு உரிமை உண்டு. அக்கேள்விகளுக்கு நல்ல பதில் கூறும் கடமை அவர்களுக்கும் ராஜ்ய சர்க்காருக்கும் உண்டு.

யாத்திரை செல்வோருக்கும் ஒரு வார்த்தை. சுமைக்காரனிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, மலையின் அழகைப் புகழ்வதில் பெருமை இல்லை. முதுகு நிமிர்ந்த மனிதனே அந்நாட்டின் முதல் அழகு. பனிச் சிகரமும் பழத்தோட்டமும் அதற்குப் பின்னரே.