வாழைப்பழக் கப்பல்!

"என்னடா மாப்ளே, வாழைப்பழமா செஞ்சிருக்க?"

மூணு வாரமா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு நான் செஞ்ச பாய்மரப் படகு மாடலைப் பார்த்து ரூம்மேட் கேட்ட கேள்வி. செம கடுப்பு. ஆனா, மேலேயிருந்து பார்த்தா... அட, வாழைப்பழமேதான்! நேரா நிக்க வேண்டிய அடிக்கட்டை ஒரு பக்கமா வளைஞ்சு நிக்குது.

மேட்டர் சிம்பிள். அடிக்கட்டையும் குறுக்குச் சட்டங்களும் மெல்லிசான ப்ளைவுட். அது மேல குட்டி ரீப்பர் மாதிரி பலகைகளை ஒட்டணும். நான் ஆர்வக்கோளாறுல வலப்பக்கம் முழுக்க ஒட்டி முடிச்சிட்டுத்தான் இடப்பக்கத்துக்கே வந்தேன். ஒரு பக்கம் மட்டும் இழுத்தா ப்ளைவுட் பாவம், என்ன செய்யும்? இப்படி ஒண்ணு, அப்படி ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டியிருக்கணும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தடவி பசையை இளக்கி, பலகைகளைப் பிரிச்சுக்கூட பார்த்தேன். பலகை வந்துடுச்சு, வளைசல் போகல. அந்தப் படகுக்கு அங்கேயே சங்கு!

அடுத்த படகுல வேற வில்லங்கம். பலகையைத் தட்டையா வளைச்சா சமத்தா வளையும். அகலவாட்டுல பக்கத்துக்குத் திருப்பினா? ஊஹூம்! ஓரம் தூக்கிக்கும். குண்டூசி குத்தினேன், கிளிப் போட்டேன், கெட்ட வார்த்தையும் சொன்னேன். எதுக்கும் அசரல.

கடைசில ஒரு பேப்பர் துண்டும் ஸ்கேலும்தான் காப்பாத்துச்சு. படகோட நடுச்சட்டத்துல ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே அளந்தா 100 மி.மீ. பலகை அகலம் 5 மி.மீ., ஆக 20 பலகை. முகப்புல (கடலோரக்காரங்க 'அணியம்'னு சொல்வாங்க) அளந்தா வெறும் 60 மி.மீ. அதே 20 பலகை அங்கேயும் அடங்கணும்னா ஒவ்வொண்ணும் 3 மி.மீ.தான் இருக்க முடியும். நான் அஞ்சையும் அப்படியே திணிச்சா தூக்கிக்காம என்ன பண்ணும்? முனைப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சீவி ஒடுக்கினதும் பலகை தானா போய் உட்கார்ந்துச்சு பாருங்க... ஆஹா!

ரொம்ப ஒடுக்கிடாதீங்க பாஸ். பாதி அகலத்துக்கும் கீழே போனா முனை ஊசியாகி ஒடைஞ்சுடும். அந்த மாதிரி இடத்துல ரெண்டு பலகையை ஒண்ணாக்கி முடிச்சிடணும். பின்பக்கம் சில படகுல இதுக்கு நேர் தலைகீழ். அங்கே இடைவெளி விரியும், முக்கோணத் துண்டு செருகணும்.

வளைக்கறதுக்கு முன்னாடி வெந்நீர்ல அரைமணி நேரம் ஊறப் போடுங்க. வளைவுல கட்டி வெச்சு நல்லா காய்ஞ்ச பிறகுதான் பசை. ஈரத்தோட ஒட்டினா, காயும்போது மரம் சுருங்கி நடுவுல சந்து விழும். விழுந்தா மரத்தூளும் பசையும் குழைச்சு அப்பிட்டு உப்புத்தாள் போடலாம், அது வேற கதை!

நிஜக் கப்பல்லயும் இதே கணக்குதான். பம்பாய்ல வாடியா குடும்பத்துக்காரங்க தேக்குல கட்டி, 1817-ல கடல்ல இறக்கின 'ட்ரிங்கோமலி' இன்னிக்கும் இங்கிலாந்துல ஹார்ட்டில்பூல் துறைமுகத்துல மிதக்குது. மரக்கப்பல் கட்டறவங்க தடிப் பலகைகளை நீராவியில வேக வெச்சு வளைப்பாங்க. நமக்கு ஹாஸ்டல்ல இருக்கறது ஒரே பக்கெட்!

இப்போ என் ரெண்டாவது படகுல இடப்பக்கம் 11, வலப்பக்கம் 11. மேலேயிருந்து பார்த்தேன், அடிக்கட்டை நேரா இருக்கு. பன்னிரண்டாவது ஜோடி பக்கெட்ல ஊறிட்டிருக்கு. வெளியே ரூம்மேட், "டேய், குளிக்கணும்டா!"ன்னு கதவைத் தட்டறான்.