போர்வெல்லா... குளமா?

''கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எங்கள் கிராமம் இருக்கிறது. கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. எங்கள் பகுதி ரோட்டரி சங்கக் கூட்டத்தில், ஆழமான போர்வெல் போடலாம் என்று சிலரும், குளத்தைத் தூர் வாரலாம் என்று சிலரும் சொன்னார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். எது நல்லது?''

- வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்.

''குளத்தையே கேளுங்கள். மணற்பாங்கான கடற்கரையில், நிலத்தடியில் இறங்கிய மழைநீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே அந்த ஓர் அடி குறைந்தால், கீழே உப்புநீர் 40 அடி ஏறிவிடும். ஆழத்திலிருந்து மோட்டார் வைத்து இழுத்தால், பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் சேர்ந்து கெடும்.

ஊராட்சியிலும் வட்டாட்சியரிடமும் அனுமதி வாங்கி, ஐப்பசி மழைக்கு முன்பே தூர் வாரி முடியுங்கள். படிந்திருக்கும் வண்டலை மட்டும் எடுங்கள். அதற்கும் கீழே தோண்டினால் உப்புநீர் தட்டிவிடும். வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் குளம் வெட்டியும் பயனில்லை. அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஊரை ஒட்டிய மணல்மேட்டில் யாரையும் மணல் அள்ள விடாதீர்கள். மழையை உறிஞ்சி வைப்பது அதுதான்.

இப்போதே கிணற்றுத் தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். அந்தத் தாளோடு கூட்டத்துக்குப் போனால், பேச்சு சுலபமாக முடியும்.''