அரசுப் பள்ளி எப்படி என்று யாரைக் கேட்பது?

மே மாதம் பிறந்தாலே எங்கள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? ஐந்தாவது முடித்த பிள்ளையோ பத்தாவது முடித்த பிள்ளையோ, அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கொஞ்சம் வசதி இருந்தால், விழுப்புரம் டவுனுக்கு வேனில் அனுப்பு என்பார்கள். "கவர்மென்ட் ஸ்கூலா? அங்க யாரு ஒழுங்கா பாடம் நடத்துறா?" என்ற ஒரே வரியில் அரசுப் பள்ளியின் கதை முடிந்துவிடும்.

சரி, இப்படிச் சொல்பவர்களில் எத்தனை பேருடைய பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது? பெரும்பாலும் ஒருவருடைய பிள்ளையும் இல்லை. அங்கே படிக்கும் மாணவனை அழைத்து "உன் ஸ்கூல் எப்படிப்பா?" என்று யாரும் கேட்பதும் இல்லை.

எங்கள் ஊருக்கு இது கொஞ்சம்கூடப் பொருந்தாத பழக்கம். சுந்தரர் திருமணத்தைத் தடுத்து, "இவன் எனக்கு அடிமை" என்று கிழவர் வடிவில் வந்த சிவபெருமான் வழக்காடிய இடம் திருவெண்ணெய்நல்லூர் சபை என்பது பெரியபுராணக் கதை. அந்தச் சபையார் கிழவர் சொன்னதை அப்படியே நம்பவும் இல்லை, விரட்டவும் இல்லை. நடைமுறை வழக்கமா, எழுதிய ஓலையா, பார்த்தவர் சாட்சியா, எதைக் காட்டுவாய் என்று கேட்டார்கள். மூல ஓலை வந்ததும் சுந்தரருடைய பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் டீக்கடையில் கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறோம்!

நான் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி மாணவன். இப்போது பி.காம். படிக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் நான் படித்த பள்ளியிலும், நண்பர்கள் படித்த சில பள்ளிகளிலும் நான் கவனித்த ஒன்று உண்டு. பெற்றோர் சொல்லும் குறையும் மாணவர் சொல்லும் குறையும் ஒன்றாக இருப்பதில்லை.

பெற்றோர் சொல்வது என்ன? இங்கிலீஷ் பேச வரவில்லை. கண்டிப்பு இல்லை. "நாலு அடி அடிச்சு சொல்லிக் குடுங்க சார்" என்று வாத்தியாரிடமே வந்து சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டை, ஷூ, வேன் இல்லை. இவையெல்லாம் வாசல் கேட்டில் நின்று பார்த்தாலே தெரிகிற விஷயங்கள்.

மாணவர்கள் சொல்வது வேறு. கழிப்பறையில் தண்ணீர் வராத நாளில் மாணவிகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அக்கவுன்டன்சி ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார், புது ஆள் வரவில்லை. எங்கள் வகுப்பிலும் இது நடந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவரைப் போடும் வரை பேலன்ஸ் ஷீட்டை நாங்களே முட்டி மோதிப் படித்தோம். எந்த வாத்தியார் மணி அடித்த பிறகும் நின்று சந்தேகம் தீர்ப்பார், யார் செல்போனோடு உட்கார்ந்திருப்பார் என்பதும் மாணவர்களுக்குத் தெரியும். நல்லதும் அவர்களுக்குத்தான் தெரியும். தன் கைக்காசில் கைடு வாங்கிக் கொடுத்த ஆசிரியையைப் பற்றி ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாட்சி வேண்டுமென்றால் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பெற்றோர் மனம் கடந்த சில வருடங்களில் மாறியிருக்கிறது. கொரோனா காலத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் பலர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2021-ல் அது பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022-ல் புதுமைப் பெண், 2024-ல் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் திட்டங்கள் வந்தன. ஒதுக்கீட்டுக்கு ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதால், ஆறாவதிலேயே கணக்குப் போட்டுச் சேர்க்கிறவர்களைப் பார்க்கிறேன். நல்லதுதான். ஆனால் "ஸ்கூல் நல்லா இருக்கு" என்று சேர்ப்பது வேறு, "கோட்டா கிடைக்கும்" என்று சேர்ப்பது வேறு. இரண்டாவது வகையில் சேர்த்தவர் பள்ளியைப் பற்றிய தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை. டியூஷனுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்.

ஏன் சும்மா இருக்கிறார்? என் நண்பனின் அப்பா சொன்னது இது: "ஃபீஸே கட்டாம படிக்குது, இதுல கேள்வி வேற கேக்கணுமா தம்பி?" தனியார் பள்ளியில் பணம் கட்டியவர் ஃபேன் ஓடவில்லை என்றாலும் போய்ச் சண்டை போடுகிறார். அரசுப் பள்ளிப் பெற்றோர் கைகட்டி நிற்கிறார்.

காமர்ஸ் படிப்பவன் என்ற முறையில் எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. தனியார் பள்ளியில் பணம் கட்டுபவர் வெறும் வாடிக்கையாளர். பிடிக்கவில்லை என்றால் டி.சி. வாங்கலாம், அவ்வளவுதான். அரசுப் பள்ளி நாம் சோப்பு வாங்கும்போதும் பெட்ரோல் போடும்போதும் கட்டும் வரியில் நடக்கிறது. அதில் பெற்றோர் பங்குதாரர் மாதிரி. பங்குதாரருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. கேட்பது தயவு இல்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மேன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதிய புத்தகத்தில் இதைப் பற்றிச் சொல்கிறார். ஒரு பொதுப் பள்ளியின் தரம் குறையும்போது முதலில் வெளியேறுவது தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படும் பெற்றோர். உள்ளே இருந்திருந்தால் சத்தம் போட்டிருக்கக் கூடியவர்களும் அவர்களேதான். அவர்கள் போனபின் கேட்க ஆள் இல்லை, பள்ளி மேலும் சரிகிறது. நம் ஊர் கதையை அப்படியே எழுதியது போல இல்லை?

இதன் மறுபக்கமும் உண்மை. 2011-ல் ஈரோடு கலெக்டராக இருந்த ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. கலெக்டர் பெற்றோராக வரும் பள்ளியில் குழாய் எத்தனை நாள் ரிப்பேராகக் கிடக்கும், நீங்களே சொல்லுங்கள். 2015-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரவே போட்டது. உத்தரவு போட்டதோடு சரி. சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இடம் வாங்கப் பெற்றோர் போட்டி போடுவதையும் நாம் செய்தியில் பார்த்திருக்கிறோம். நகரமோ கிராமமோ, நம்பிக்கை இருந்தால் அரசுப் பள்ளியையும் தேடி வருவார்கள்.

எல்லோரும் கலெக்டர் ஆக முடியாது. அதற்குத்தான் சட்டம் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான் என்றாலும் தமிழ்நாட்டில் 2022-ல் மேல்நிலைப் பள்ளிகளிலும் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

குழு இருக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது என்பதுதான் வருத்தம். தெரிந்தவர்களும், "கூலி வேலையை விட்டுட்டு எப்படிப் போறது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவால் வேலை நாள் மதியம் கூட்டத்துக்கு வர முடியாது. கூட்டத்தை அவர்களுக்கு வசதியான நேரத்தில் வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை. இன்னொரு குறை, 21-ஆம் பிரிவு மாணவர்களுக்கு இடம் ஒதுக்கவில்லை. எனவே கூட்டத்துக்கு முதல் நாள் இரவு சாப்பிடும்போது பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போகலாம். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? எந்த வாத்தியார் நன்றாக நடத்துகிறார்? மூன்றாவது கேள்வியின் பதிலையும் கூட்டத்தில் சொல்ல வேண்டும். நல்ல ஆசிரியரைப் பாராட்டவும் ஆள் வேண்டும் அல்லவா?

என்னைப் போல அரசுப் பள்ளியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முன்னாள் மாணவர் என்ற இடம் நமக்காகத்தான் இருக்கிறது. மினிட்ஸ் எழுத, மனு எழுத, வந்த நிதிக்குக் கணக்குப் பார்க்க அந்த அம்மாக்களுக்கு உதவி தேவைப்படும். மூன்று வருடம் அக்கவுன்ட்ஸ் படித்து நாம் வேறு என்ன கிழிக்கப் போகிறோம்? :)